தறிக்குடோனுக்குள் போனவர்களும் போகாதவர்களும்

கதிர்வேல் என் அண்ணன் மகன். இருபத்து நான்கு வருடம் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து, ஹவில்தாராகப் பல்லடம் திரும்பியவன். தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தோளைத் தொட்டால் திரும்புவான். புதிதாகப் பார்ப்பவர்கள் மில்ட்ரிக்காரருக்குத் தலைக்கனம் என்று நினைத்துக்கொள்வார்கள். தலைக்கனமெல்லாம் அவனுக்குக் கிடையாது. காது போய்விட்டது, அவ்வளவுதான்.

அவன் ஊருக்கு வந்தபோது ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு காகிதமும் கொண்டுவந்தான். காகிதம் ராணுவத்தை விட்டு வெளியே வரும்போது டாக்டர்கள் கூடிப் பார்த்து எழுதிக் கொடுத்தது. இரண்டு காதிலும் நூற்றுக்கு இருபது ஊனம் என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே, இது பரம்பரைக் கோளாறு, ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடினதும் இல்லை என்று ஒரு வரி. அந்த வரி இருக்கிற வரைக்கும் அவனுக்கு ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது. பீரங்கிக்குப் பக்கத்தில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக நின்றவனுடைய காதை, அவனைப் பெற்றவன்தான் கெடுத்தான் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வரியை எழுத வைத்ததும் கதிர்வேலின் வாய்தான்.

கடைசிப் பரிசோதனையில் ஒரு டாக்டர், வடக்கத்திக்காரர், "உன் வீட்டில் வேறு யாருக்காவது காது கேட்காதா?" என்று இந்தியில் கேட்டிருக்கிறார். இவன் சிரித்திருக்கிறான். அப்பாவுக்குக் கேட்காது, அம்மாவுக்குக் கேட்காது, சித்தப்பாவுக்கும் கேட்காது, எங்கள் வீட்டில் கத்தித்தான் பேசவேண்டும் என்று சொல்லியிருக்கிறான். பல்லடத்துக்காரன் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். விசைத்தறி ஓடுகிற வீட்டில் காது மந்தமாக இருப்பதை நாங்கள் ஒரு நோயாக நினைத்ததே இல்லை. மாவு மில்காரன் தலைமுடியில் மாவு இருக்கிற மாதிரி அதுவும் ஒன்று. ஆனால் அந்த டாக்டர் தறி ஓடுகிற கொட்டகையை, எங்கள் தறிக்குடோனை, கண்ணால் பார்த்தவர் இல்லை. அப்பன், ஆத்தாள், சித்தப்பன் மூன்று பேரும் செவிடு என்றதும், சரி, ரத்தத்தில் வருகிறது என்று எழுதிவிட்டார்.

கதிர்வேல் முதல் அப்பீலை அவனே ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டான். ஒரு வருடம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. முன்பு எழுதினதில் மாற்றமில்லை.

அந்தப் பதிலை அவன் அப்பன், என் அண்ணன் பாலுசாமி, வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. பேத்தி வர்ஷினியை விட்டுத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். பிள்ளை 'பரம்பரை' என்று எழுதிக் காட்டியதும் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை நாடாவை, வர்ஷினி படித்துக்கொண்டிருக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கீழே போடுவார். அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்ப்பார். வாரத்துக்கு ரெண்டு தடவை, மூன்று தடவை.

"என்னுங்க அப்பாரு, சும்மா சும்மா கீழ போடறீங்க?" என்று தாத்தாவைக் கேட்பாள் அவள். அவருக்கு அது கேட்காது. பிள்ளை திரும்பிவிட்டாள், அது போதும். நாடாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதை எனக்குச் சொன்னவள் கதிர்வேலின் மனைவி கீதா. சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது அப்பீலுக்குத்தான் சுபேதார் மயில்சாமி வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கோயம்புத்தூரில் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் காலை நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மாத்திரை வாங்க வருகிறவர்கள் அவரிடம் காகிதத்தைக் காட்டுவார்கள். காதுக்கு மிஷின் வாங்கப் போன கதிர்வேலும் காட்டினான்.

அவர் படித்துவிட்டு, "ஹவில்தார் சாப், ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா இன்னேரம் பென்ஷன் வாங்கியிருப்பீங்க," என்றாராம். "என்னுங்க?" என்றானாம் இவன். அவர் அதையே கத்திச் சொல்ல, மருந்து வாங்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காகிதங்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். என் அண்ணன் பெண்டாட்டி பூவாத்தாளுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு வாரம் கூட இருக்கலாம் என்று காங்கேயத்தில் பஸ் ஏறி வந்திருந்தேன். ஞாயிறு தறிக்கு லீவு. வீடே அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் அண்ணனும் நங்கையும் பேசிக்கொள்கிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

மயில்சாமி நங்கையிடம் தண்ணீர் கேட்டார். நங்கை உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். அண்ணனிடம் வயது கேட்டார். அண்ணன், "ஆமாங்க, மழையே இல்லீங்க," என்றார். மோர் குடித்த டம்ளரை வாங்க வந்த கதிர்வேலின் சித்தப்பன் தங்கமுத்துவிடம் ஏதோ கேட்டார். அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனான். மயில்சாமி முகம் சுருங்கியதை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார். யாரிடமோ மெதுவான குரலில் பேசினார்.

"குடும்பமே செவிடுங்க. டாக்டர் எழுதினது சரியாட்டத்தான் இருக்குது. நிக்காதுங்க இந்தக் கேசு."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையோடு வெளியே போனேன்.

"ஏனுங்க சுபேதார், நிக்கும் நிக்காதுன்னு அப்புறம் பார்க்கலாமுங்க. குடும்பமே செவிடுன்னு யாருங்க சொன்னது?"

அவர் போனை மறைத்தார். "அம்மா... உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"கேட்டாத்தானே வந்திருக்கறேன். போன்ல அந்தப் பக்கம் ஒருத்தர் இருமினதும் கேட்டுது."

"நீங்க யாருங்க?"

"பாலுசாமிகூடப் பொறந்தவ. முத்தாத்தாள்."

அவர் போனை வைத்துவிட்டார். கேட்டுக்குள் வந்து ஒரு நாற்காலியை எனக்குப் போட்டு, இன்னொன்றில் அவர் உட்கார்ந்தார். "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்று நோட்டைத் திறந்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கணக்கு எனக்கு வராது. ஆனால் யார் யாருக்குப் பிறந்தார், யார் எந்த வருடம் எங்கே போனார் என்று கேட்டால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சொன்னேன்.

எங்கள் அய்யன் எண்பத்தெட்டு வயது வரைக்கும் இருந்தார். தொழுவத்தில் மாடு கொம்பை உரசுகிற சத்தத்தை வைத்தே எந்த மாடு என்று சொல்லுவார். அவருக்கு நாங்கள் நாலு பேர். மூத்தவர் குழந்தைசாமி அண்ணன், இன்றைக்கும் எங்கள் விவசாயக் காட்டிலேயே இருக்கிறார், மாடு வளர்க்கிறார். அடுத்தது பாலுசாமி அண்ணன். கிணறு வற்றிப்போன வருடம், எண்பத்து மூன்றில், காளைகளை விற்றுவிட்டுப் பல்லடத்தில் நாலு தறி போட்டார். அதற்கடுத்து நான். என்னைக் காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், எங்களுக்குத் தென்னந்தோப்பு. கடைசி தங்கமுத்து. அவன் பாலுசாமி அண்ணனோடேயே தறிக்கு வந்துவிட்டான்.

"காது கேக்காதது யாருக்குங்க?"

"பாலுசாமி அண்ணனுக்கும் தங்கமுத்துவுக்கும்."

மயில்சாமி பேனாவை நிறுத்தினார். "ரெண்டும் ஆம்பளைங்க. உங்களுக்குக் கேக்குது, நீங்க பொம்பளை. சில வியாதி ஆம்பளைக்கு மட்டுமே வருமுங்க. டாக்டருங்க அதைத்தான் சொல்லுவாங்க."

"எங்க குழந்தைசாமி அண்ணன் மட்டும் என்னுங்க? மூணு பொண்ணைக் கட்டிக்கொடுத்துட்டாரு. இனிமேப் போயி ஆம்பளையான்னு கேக்கறதுங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டார்.

"சரிங்க. இவங்க அம்மாவுக்கும் கேக்கலையே. சொந்தத்துல கட்டினதுங்களா? மாமன் பொண்ணா, அத்தை பொண்ணா? அப்படியிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம்னு எழுதிப்போடுவாங்க."

"சொந்தமே இல்லீங்க. நங்கை வேற கூட்டம். தாராபுரத்துக்கு அக்கட்டால. பொண்ணு பார்க்கப் போனப்பத்தான் அந்த ஊருக்கே நாங்க முதல்ல போனோம். கல்யாணத்தன்னைக்கு நான் காதோட சொன்னதைக் கேட்டுப் புதுப்பொண்ணு சிரிச்சு, பெரியவங்க வஞ்சாங்க. அந்தக் காதுதானுங்க இது. தறி வந்தப்புறம் முப்பது வருசம் குடோனுக்குள்ள தார் சுத்தினா. தறிச் சத்தத்துல போச்சு."

தார் என்பது நாடாவுக்குள் போடுகிற நூல்கட்டை. பெண்கள்தான் சுற்றுவார்கள். தறிக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்து சுற்ற வேண்டும்.

மயில்சாமி எழுதினதைத் திரும்பப் பார்த்தார். நடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு ஒரு பக்கம் குழந்தைசாமி அண்ணனும் நானும் எங்கள் அய்யனும். இன்னொரு பக்கம் பாலுசாமி அண்ணனும் தங்கமுத்துவும் நங்கையும்.

"குடோனுக்குள்ள போனவங்க, போகாதவங்க," என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

பிறகு கதிர்வேலை உட்கார வைத்து, சத்தமாக, நிதானமாக விளக்கினார். நீங்கள் சேரும்போது காது நன்றாக இருந்தது என்று ராணுவமே எழுதியிருக்கிறது. அப்புறம் கெட்டது என்றால் பணியில் கெட்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்றால், ஏன் இல்லை என்று காரணம் காட்டுவது அவர்கள் பொறுப்பு. அவர்கள் காட்டின காரணம் ஒரே வரி.

"அந்த வரியை மட்டும் உடைச்சாப் போதும். டெல்லியில ஒரு கமிட்டி உக்காரும். உங்க மூஞ்சியை அவங்க பார்க்கமாட்டாங்க, காகிதத்தைத்தான் பார்ப்பாங்க. அதனால காகிதம் பேசோணும்."

"நான் பேசலாமுங்களா?" என்றான் கதிர்வேல்.

"நீங்க பேசினது போதுமுங்க சாப்."

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அதையும் மயில்சாமியே கேட்டார். தறிச் சத்தத்தில் காது போகும் என்றால், தறி வீட்டில் வளர்ந்த பையனுக்குச் சின்ன வயதிலேயே போயிருக்கும் என்று கமிட்டி திருப்பிவிட்டால்?

இதற்குப் பதில் என் வீட்டில் இருந்தது. தறி போட்ட வருடம் கதிர்வேலுக்கு ஆறு வயது. நாலு தறியும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓட, பிள்ளை எப்படிப் படிப்பான் என்று அண்ணன் அவனை என்னிடம் கொண்டுவந்து விட்டார். பத்தாவது முடிக்கிற வரை அவன் காங்கேயத்தில்தான் படித்தான். பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட் இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. ராணுவத்தில் சேரும்போது கொடுத்த அதே காகிதம்.

அடுத்து எல்லோரும் காதைப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். பாலுசாமி அண்ணன் வரமாட்டேன் என்றார். கதிர்வேல் சொன்னான், கீதா எழுதிக் காட்டினாள். அசையவில்லை. நான் குடோனுக்குள் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். தறிக்காரர்கள் பழகினவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தால் போதும்.

"ஏனுங்கண்ணா, பயமா?"

அவர் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தார். "மிஷின்ல பார்த்து, என்ற ரத்தந்தான்னு வந்துட்டா? இப்பச் சந்தேகமா இருக்குது. அப்ப உறுதியாயிரும். அந்தப் புள்ளைக்கும் வரும்னு ஆயிரும்."

"எனக்கும் அதே ரத்தந்தானே. நான் இந்த வயசுல ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போன் பேசினதைக் கேட்டேன். வாங்க."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஒரு ஆம்னி வேனில் கதிர்வேலோடு ஐந்து கிழங்கள் கோயம்புத்தூர் போனோம். அரசு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற அறையில் அக்ஷிதா என்று ஒரு பெண் இருந்தாள். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார வைத்துக் காதில் மாட்டிவிடுவாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். குழந்தைசாமி அண்ணன் உள்ளே போய், ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டு, "கேட்டுதுங்க அம்மணி," என்று சத்தம் போட்டார். அவள் பேச வேண்டாம் என்று சைகை காட்டினாள். அதற்கும், "சரிங்க அம்மணி," என்றார்.

என் முறை முடிந்ததும் அந்தப் பெண் மிஷினைத் தட்டிப் பார்த்தாள். "வயசு எழுபதுதானுங்களா? என்னைவிட நல்லாக் கேக்குது உங்களுக்கு," என்றாள்.

பாலுசாமி அண்ணன், நங்கை, தங்கமுத்து மூன்று பேருக்கும் எடுத்த வரைபடத்தை அவள் வரிசையாக மேசையில் வைத்தாள். மூன்றிலும் கோடு ஒரே இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. "இது பெரிய சத்தத்துல வருசக்கணக்கா வேலை செய்யறவங்களுக்கு விழற பள்ளம்," என்றாள். "மூணு பேரும் ஒரே மில்லுங்களா?" கதிர்வேல் தன்னுடைய ராணுவ வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதிலும் அதே பள்ளம். அவனுக்குச் சத்தம் வேறு. பள்ளம் ஒன்று.

துறைப் பெரிய டாக்டர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மயில்சாமி அப்பீலை எட்டுப் பக்கம் தட்டினார். முதல் பக்கத்திலேயே எங்கள் குடும்பத்து வரிசையைக் கோடு போட்டு, ஒவ்வொரு பேருக்கும் எதிரில் குடோனுக்குள் போனவர், போகாதவர் என்று காட்டினார். எனக்குப் படித்துக் காட்டினார். தங்கமுத்து தறிக்கு வந்த வருடத்தைத் தப்பாகப் போட்டிருந்தார். திருத்தினேன்.

எட்டு மாதம் கழித்து, மறுபடி டாக்டர்கள் குழு பார்க்க வேண்டும் என்று சென்னை ராணுவ மருத்துவமனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மயில்சாமி பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில். சிரிக்கக்கூடாது," என்று மூன்று தடவை சொன்னாராம்.

அங்கே ஒரு பெண் டாக்டர், கர்னல். எல்லாம் பரிசோதித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். வீட்டில் வேறு யாருக்காவது காது கேட்காதா? கதிர்வேல் சொன்னதை அவன் வாயாலேயே கேட்டேன்.

"மூணு பேருக்குக் கேக்காதுங்க மேடம், மூணு பேரும் தறியில வேலை செஞ்சவங்க. தறிக்குப் போகாதவங்களுக்குக் கேக்குது. காகிதத்துல இருக்குதுங்க மேடம்னு சொன்னேன் அத்தை. அவ்வளவுதான்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"தறின்னா எவ்வளவு சத்தம் இருக்கும்னு கேட்டாங்க. நான் மேசையைத் தட்டிக் காட்டினேன். டக்கடக் டக்கடக்னு. போதும் போதும்னுட்டாங்க."

இன்னும் ஐந்து மாதம். பிறகு ஒரு வியாழக்கிழமை கீதா போன் செய்தாள். "அம்மா, டெல்லியிலிருந்து கவர் வந்திருக்குதுங்க. நீங்க வந்தாத்தான் பிரிப்பேங்கறாரு," என்றாள். பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

வர்ஷினி பிரித்துப் படித்தாள். முன்பு எழுதினது ரத்து. காது கெட்டது ராணுவப் பணியால்தான். ஊனம் நூற்றுக்கு இருபது, ஆயுளுக்கும். வேலையை விட்ட நாளிலிருந்தே பென்ஷன். பிள்ளை ரெண்டாவது தடவை சத்தமாகப் படித்தாள், அவள் அப்பனுக்காக. கதிர்வேல் காது மிஷினைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மூன்றாவது தடவை படிக்கச் சொன்னான். கீதா மயில்சாமிக்குப் போன் போட்டாள். அவர், "அத்தையம்மாகிட்டக் குடுங்க," என்றாராம். போனை வாங்கினேன். ஒரு நாள் சாப்பாட்டுக்கு வரச்சொன்னேன்.

அண்ணன் குடோனில் இருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது. மெயினை நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று கீதா சுவிட்சுக்குப் போனாள். கதிர்வேல் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே நடந்து போய் அப்பன் எதிரில் நின்றான். நானும் வர்ஷினியும் வாசலில் நின்றோம்.

அவன் தன் காதைத் தொட்டான். பிறகு இரண்டு கையையும் நீட்டிப் பீரங்கி மாதிரி பிடித்து, வெடித்தால் எப்படிப் பின்னால் உதறுமோ அப்படி உதறிக் காட்டினான். பிறகு அப்பன் நெஞ்சில் கையை வைத்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். நீங்கள் இல்லை.

அண்ணன் அவன் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்து, "ஆமாங்கண்ணா, டெல்லியே சொல்லிப்போட்டாங்க," என்றேன். வாசலில் நின்ற வர்ஷினியை ரொம்ப நேரம் பார்த்தார்.

அவர் மடியில் அந்த நாடா இருந்தது. அதை எடுத்துப் புதுத் தார் போட்டு, நின்றுபோயிருந்த மூன்றாம் தறியில் வைத்து, தறியை ஓட்டிவிட்டார். பிறகு மகனிடம் ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. கதிர்வேல் மட்டும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன், என்ன சொன்னார் என்று.

"நாலாந்தறியில நூல் அறுந்து தொங்குது, கடிதாசிய ஊட்டுல வெச்சுப்போட்டு வந்து கட்டுன்னாருங்க அத்தை."